கலைந்த மண்

பன்னிரண்டாங்கட்டையில் பஸ்ஸை விட்டிறங்கி
செம்பனைக்குள் இருபது நிமிடம் நடந்தால் குழி.
நாள் கூலி அறுபத்தைந்து வெள்ளி.
மண்வெட்டி கூடாது, கொத்துக்கரண்டிதான்,
அதையும் பல் துலக்குகிற மாதிரி பிடிக்க வேண்டும்.

நூல் கட்டிய சதுரத்துக்குள்
நானும் சரவாக்கிலிருந்து வந்த ஜிம்மி அனாக் உஞ்சாயும்
குத்துக்காலிட்டுச் சுரண்டுகிறோம்.
கீழே செங்கல் தளம் இருக்கிறதாம்,
இரும்பு உருக்கிய கசடு இருக்கிறதாம்,
கப்பல் வந்து நின்ற துறை இருக்கிறதாம்.
ஆறு இப்போது ஒரே தாவலில் தாண்டும் அகலம்.
உரமூட்டைச் சாக்கு அலசுகிறார்கள் அதில்.

டாக்டர் நோர்ஹிடாயா முன்பு ஐந்து வருடம்
கடலுக்கு அந்தப் பக்கம் மாயன் ஊர் ஒன்றைத் தோண்டியவர்.
அங்கேயும் ஒரு பள்ளத்தாக்கு, அங்கேயும் ஓர் ஆறு.
கோபுரத்தின் மேல் மரம் முளைத்து
கோபுரமே குன்று மாதிரி படுத்துக் கிடந்ததாம்.
தார்ப்பாய்க்கு அடியில் கோப்பி ஆற்றிக்கொண்டே சொன்னார்:
அங்கே பந்து விளையாட ஒரு களம் இருந்தது.
கித்தாப் பந்து.

கரண்டியைக் கீழே வைத்தேன்.
எத்தனை வருசத்துக்கு முந்தி?
ஆயிரம். அதற்கும் மேலே.
பாலை எப்படி உறைய வைத்தார்கள்?
ஒரு கொடியின் சாற்றை ஊற்றி.
எந்தக் கொடி?
விடியலில் பூத்துப் பத்து மணிக்குச் சுருங்குமே, அந்த ஜாதி.

எங்கள் லயத்துக் கக்கூசு வேலியில் படர்ந்தது அதுதான்,
இல்லையென்றால் அதன் தங்கை.
முப்பத்தோரு வருசம் நான் ஆசிட் ஊற்றினேன்.
இடது கையில் மூன்று நகம் இன்னும் மஞ்சள்.
யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.
இருட்டில் மரத்தைச் சுற்றி ஒருவன்,
கன்னத்தில் அறைந்த கொசுவின் ரத்தம்,
மழைக்கு முன்னால் பாலை எடுத்துவிட வேண்டுமே என்று
வானத்தைப் பார்க்கிறான்.
அவன் ராசாவுக்குக் கல்லில் முகம் இருக்கும்.
இவனுக்கு, பந்து எழும்பியது. அவ்வளவுதான்.

மறுநாள் ஒரு சாண் ஆழத்தில்
என் கரண்டி ணங் என்றது.
ஜிம்மி கையைத் தூக்கினான்.
மங்கு. பால் மங்கு.
பீங்கான், உதடு உடைந்தது, உள்ளே ஒரு நத்தை குடியிருப்பு.
அடியில் ஆணியால் கீறியிருந்தது: ச.மு.
சங்கிலிமுத்து. பதினாலாம் நிரை.
ஒட்டுப்பால் உரிக்கச் சோம்பல்படுவான்,
பிரட்டுக்குப் பிந்தி வந்து தண்டலிடம் ஏச்சு வாங்குவான்.

மாணவி ஷு யீ குனிந்து பார்த்தாள்.
தாளில் எழுதினாள்: கலைந்த மண், தற்காலக் குப்பை.
எண் போடவில்லை. பையில் போடவில்லை.
தற்காலம் என்றால் எது வரைக்கும், என்றேன்.
குழியின் சுவரில் விரலை வைத்துக் காட்டினாள்.
ஒரு சாண்.
அந்தச் சாணுக்குள்தான் நான் கல்யாணம் கட்டினேன்.

போன வாரம்தான் பீடோங்கில்
கோவில் மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து
கடாரம் நம் பாட்டன் சொத்து என்று முழங்கினார்.
எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான்.
பாட்டன் இரண்டு ஆள் ஆழத்தில் பத்திரமாக இருக்கிறான்.
அப்பன் குப்பைமேட்டில்.

மூன்று மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை.
காலையில் குழி முழுக்கத் தண்ணீர்.
பம்பு இழுத்தது போக மூலையில் மிச்சம்;
வாளி உரசினால் செங்கல் உதிரும் என்றார்கள்.
மேட்டுக்குப் போய் மங்கை எடுத்து வந்தேன்.
நத்தையைப் புல்லில் விட்டுவிட்டு மொண்டேன்.
டாக்டர் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை.

நூற்றுப் பதினேழாவது மங்கில் செங்கல் தெரிந்தது.
மரம் எண்ணிப் பழகிய வாய், தானாக எண்ணியிருக்கிறது.

எல்லாரும் செங்கல்லைச் சுற்றிக் குனிந்தார்கள்.
நான் நூலுக்கு வெளியே வந்து
மங்கைத் தரையில் கவிழ்த்து வைத்தேன்,
மழை நாளில் மரத்தடியில் கவிழ்ப்போமே,
அப்படி.